சோழகக் காற்றும் நீலத் திமிங்கிலமும்

ஜூன் மாதம் வெள்ளவத்தையில் கரையோர ரயில் பாதைக்கு அப்பால் கடல் கொந்தளித்துக் கிடக்கும். அலை கருங்கற்களில் மோதி எகிறி, சில நாட்களில் தண்டவாளம் வரை தெறிக்கும். லண்டனிலிருந்தும் டொரொன்டோவிலிருந்தும் பிள்ளைகளோடு ஊருக்கு வருகிறவர்கள் வந்து இறங்குவதும் இந்தக் காலத்தில்தான். அங்கே ஜூலையிலும் ஓகஸ்டிலும் பள்ளிக்கூட விடுமுறை. இங்கே நல்லூர்த் திருவிழா, ஒன்றிரண்டு கலியாணங்கள். அதற்கிடையில் பிள்ளைகளுக்குத் திமிங்கிலம் காட்ட வேண்டும் என்றொரு ஆசையும் இருக்கும். காலி வீதிப் பயண முகவரிடம் கேட்டால் பதில் தயாராக இருக்கும்: "மிரிஸ்ஸ சீசன் முடிஞ்சுது. நவம்பரில வாங்கோ."

நவம்பர் முதல் ஏப்ரல் வரை தெற்கே மிரிஸ்ஸ, வடமேற்கே கற்பிட்டி. மே முதல் ஒக்டோபர் வரை கிழக்கே திருகோணமலை. சுற்றுலாப் பிரசுரங்களில் அச்சாகும் நாட்காட்டி இதுதான். பயன்படாத நாட்காட்டி என்று தள்ளிவிட முடியாது. ஆனால் இதை எழுதியது திமிங்கிலம் அல்ல. பாதியைக் காற்று எழுதியது. மீதியை எழுதியவை போர், சுனாமி, ஐரோப்பாவின் குளிர்காலம், தெற்கு அதிவேக நெடுஞ்சாலை ஆகியவை. அந்தக் கதை தெரிந்தால், சீசன் இல்லாத மாதத்தில் எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது என்பதும் தானாகவே விளங்கும்.

முதலில் காற்று. மே கடைசியில் தென்மேற்கிலிருந்து சோழகம் எழும்பினால் நீர்கொழும்பிலிருந்து தெய்வேந்திர முனை வரைக்கும் கடல் முரடாகிவிடும். செப்டெம்பர் வரை அது முற்றாகத் தணியாது. அதே மாதங்களில் தீவின் மறுபக்கம் மலைகளின் மறைவில் கிடக்கும். திருகோணமலையில் அந்தக் காற்று கச்சானாக, வெக்கையோடு, தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். காலை வேளைகளில் அங்கே கடல் பாய் விரித்ததுபோல இருக்கும். டிசம்பரில் வாடை பிடித்ததும் எல்லாம் தலைகீழாகும்: கிழக்கு கொந்தளிக்க, மேற்கும் தெற்கும் அடங்கும்.

கடற்றொழிலாளர்கள் இந்த மாற்றத்தை வைத்தே பல தலைமுறைகளாக வாழ்க்கையை அமைத்திருந்தார்கள். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் சோழகம் தொடங்குமுன் வலைகளையும் வள்ளங்களையும் எடுத்துக்கொண்டு கொக்கிளாய், முல்லைத்தீவு, திருகோணமலைக் கரைகளுக்குப் போய் வாடி அமைத்துத் தங்குவார்கள். வாடிக்குப் பக்கத்திலேயே சின்னதாக ஒரு தேவாலயமும் எழும்பிவிடும். காற்று மாறியதும் சொந்த ஊர் திரும்புவார்கள். பிற்காலத்தில் அதே வாடிகள் தமிழ், சிங்கள மீனவர்களுக்கிடையிலான பிணக்கின் முனையாகவும் ஆயின என்பது தனிக்கதை. இங்கே முக்கியமானது ஒன்று: ஒரு கரை மூடினால் மறுகரை திறக்கும் என்ற அறிவு சுற்றுலாத்துறை கண்டுபிடித்ததல்ல. 'இப்போது சீசன் இல்லை' என்று எந்தப் பழைய மீனவரும் சொல்லியிருக்க மாட்டார்; இந்தக் கரையில் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார்.

திமிங்கிலங்கள் இந்தக் கடலில் இருப்பது வெளியுலகுக்கு வெகு காலமாகத் தெரியும். தப்ரபேன் எனப்பட்ட இத்தீவைச் சூழ்ந்த கடலில் வாழும் பேருயிர்களைப் பற்றி உரோமரான ஈலியன் 1,800 ஆண்டுகளுக்கு முன்பே எழுதினார். அதில் கற்பனை பாதி. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பல்கள் ஸ்பேர்ம் திமிங்கிலத்தின் எண்ணெய்க்காக இந்து சமுத்திரம் முழுக்க அலைந்தன. அவற்றின் நாட்குறிப்புகளிலிருந்து சார்ள்ஸ் டவுன்சென்ட் என்பவர் 1935இல் தயாரித்த வரைபடங்களில் இலங்கையைச் சுற்றிய கடலும் வேட்டைக்களமாகவே தெரிகிறது.

கொழும்புக்காரர் திமிங்கிலத்தை அறிந்தது வேறு வழியில்: கரையொதுங்கிய உடல்களாக. 1894இல் அம்பலாங்கொடையில் ஒதுங்கிய நீலத் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு கொழும்பு நூதனசாலைக்கு வந்து சேர்ந்தது. நூதனசாலை திறந்து அப்போது 17 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. பாடசாலைச் சுற்றுலாவில் அந்த எலும்புகளுக்குக் கீழே அண்ணாந்து நின்ற பிள்ளைகள் எத்தனையோ தலைமுறை. ஆனால் அந்தப் பிராணி உயிரோடு, இதே தீவிலிருந்து சில மைல் தூரத்தில், வருடந்தோறும் இரை தேடுகிறது என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க அன்று எவருக்கும் தெரியாது.

எலும்புகளை எண்ணி, அளந்து, பெயர் சூட்டி வைத்தவர்களில் முதன்மையானவர் போல் எட்வர்ட் பீரிஸ் தெரணியகல. 1939 முதல் 1963 வரை தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராக இருந்தவர். கரையோரத்தில் எங்காவது பெரிய உடல் ஒதுங்கியதென்றால் அவருக்குத் தகவல் போகும். 1963 ஜனவரி 26ஆம் திகதி, வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி வழியே தெற்கே சில கிலோமீற்றர் தூரத்திலுள்ள இரத்மலானைக் கரையில் ஒரு பெண் திமிங்கிலம் ஒதுங்கியது. நீளம் ஏறக்குறைய நாலரை மீற்றர், நீலச் சாம்பல் நிறம், முன்னோக்கி நீண்ட அலகு. அறிவியல் அறியாத புதிய இனம் இது என்று தெரணியகல அதே ஆண்டில் அறிவித்து, மெசொப்லொடன் ஹொட்டௌலா என்று பெயரிட்டார்.

இரண்டு ஆண்டுகளில் வெளிநாட்டு அறிஞர்கள் அதை ஏற்க மறுத்தார்கள். ஜப்பானில் 1958இல் விவரிக்கப்பட்ட ஜின்கோ பல் திமிங்கிலம்தான் இது என்று சொல்லிப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள். தெரணியகல 1976இல் காலமானார். அவர் அறிவித்து அரை நூற்றாண்டு கழித்து, மெரெல் டேல்பவுட் தலைமையிலான ஆய்வாளர்கள் இரத்மலானை எலும்பையும் மாலைதீவு, சீஷெல்ஸ், பசிபிக் தீவுகள் ஆகிய இடங்களில் கிடைத்த மாதிரிகளையும் மரபணுச் சோதனைக்கு உட்படுத்தினார்கள். தெரணியகல சொன்னதே சரி, அது தனி இனம் என்று 2014இல் உறுதியாயிற்று. கொழும்பின் புறநகர் ஒன்றில் கண்டெடுத்த உடலை வைத்து ஒரு மனிதர் எழுதிய முடிவு, உலகம் மறுத்த பிறகும் நூதனசாலை எலும்பாகக் காத்துக் கிடந்து வென்றிருக்கிறது. தெற்குக் கரையின் சுற்றுலா வழிகாட்டிகளில் இந்தக் கதை அபூர்வமாகவே இடம்பெறுகிறது. அது பெரிய குறை.

தெரணியகல இரத்மலானையில் ஒரு திமிங்கிலத்தை அளந்துகொண்டிருந்த அதே காலத்தில் வட இந்து சமுத்திரத்தில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. சோவியத் ஒன்றியத்தின் வேட்டைக் கப்பல் தொகுதிகள் 1963க்கும் 1966க்கும் இடையில் இந்தப் பகுதியில் 1,294 நீலத் திமிங்கிலங்களைக் கொன்றன. சர்வதேசத் திமிங்கில ஆணையத்துக்குக் கொடுத்த கணக்கில் அவை காட்டப்படவில்லை. சோவியத் ஒன்றியம் கலைந்த பிறகு, அந்தக் கப்பல்களில் பணியாற்றிய யூரி மிகலேவ் போன்ற விஞ்ஞானிகள் மறைத்து வைத்திருந்த பதிவுகளை வெளியிட்டபோதுதான் உலகுக்குத் தெரிய வந்தது. வேதனை என்னவென்றால், இந்தத் திமிங்கிலங்கள் இந்தக் கடலுக்கே உரியவை என்பதற்கான உறுதியான சான்றுகளில் ஒன்று அந்தக் கொலைப் பதிவுகளில்தான் இருந்தது. கொல்லப்பட்ட தாய்களின் வயிற்றிலிருந்த கருக்களின் வளர்ச்சியை வைத்துப் பார்த்தால், இவற்றின் இனப்பெருக்கக் காலம் அந்தாட்டிக் நீலத் திமிங்கிலங்களுடையதிலிருந்து ஆறு மாதம் விலகியிருந்தது. தெற்கே பனிக்கடலிலிருந்து விருந்தாளிகளாக வந்துபோகும் கூட்டம் அல்ல இது.

காப்பாற்றும் முயற்சி 1979இல் தொடங்கியது. சின்னஞ்சிறு நாடான சீஷெல்ஸின் முன்மொழிவை ஏற்று, தெற்கே 55 பாகை அகலக்கோடு வரையான இந்து சமுத்திரம் முழுவதையும் திமிங்கிலச் சரணாலயமாகச் சர்வதேசத் திமிங்கில ஆணையம் பிரகடனம் செய்தது. சரணாலயத்தில் கொல்லாமலே ஆராயலாம் என்று காட்டுவதற்காக, உலக வனவிலங்கு நிதியத்தின் ஆதரவோடு டியூலிப் என்ற 10 மீற்றர் பாய்மரப் படகு புறப்பட்டது. ஹால் வைட்ஹெட் என்ற இளம் ஆய்வாளர் அதற்குத் தலைமை. 1980களின் முற்பகுதியில் அந்தப் படகு நிலைகொண்ட துறைமுகம் மிரிஸ்ஸ அல்ல, திருகோணமலை.

காரணம் கடலடியில் இருந்தது. திருகோணமலைக் குடாவின் வாயிலிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று தொடங்கி ஆழக்கடலை நோக்கிச் சரிகிறது. வேறு இடங்களில் ஆழத்தைத் தொடப் பல மணி நேரம் ஓட வேண்டும். இங்கே கோணேஸ்வரக் குன்றின் நிழல் விலகுமுன்பே அடி காணாத நீர். ஆழக் கணவாய்களைத் தேடி ஒரு கிலோமீற்றருக்கும் கீழே முக்குளிக்கும் ஸ்பேர்ம் திமிங்கிலத்துக்கு இதைவிடத் தோதான இடம் ஏது? டியூலிப் குழுவினர் நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கி, திமிங்கிலம் எழுப்பும் 'டக், டக்' ஒலியைக் கேட்டே இரவும் பகலும் அவற்றைப் பின்தொடர்ந்தார்கள். ஸ்பேர்ம் திமிங்கிலம் ஒன்று குட்டி ஈனுவதையும் அவர்கள் இலங்கைக் கடலில்தான் கண்டார்கள்; லிண்டா வெயில்கார்ட்டும் வைட்ஹெட்டும் அதை 1986இல் வெளியிட்டார்கள். கடலுக்கடியில் ஸ்பேர்ம் திமிங்கிலங்களைப் படம்பிடித்த ஆவணப்படமும் அதே ஆண்டுகளில் இந்தக் கடலில் உருவானது.

நீலத் திமிங்கிலங்களை ஆராய்ந்தவர் அபிகேல் ஆலிங். 1983, 1984 ஆகிய ஆண்டுகளின் முற்பகுதி மாதங்களில் திருகோணமலைக்கு வெளியே அவற்றை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு, இரை தேடும் விதத்தைப் பதிவு செய்தார் அவர். அங்கே பதிவான பாட்டு வேறெந்தக் கடலின் நீலத் திமிங்கிலப் பாட்டைப் போலவும் இல்லை. இன்றும் அறிவியல் உலகில் அதற்குப் பெயர் இலங்கைப் பாட்டு.

மாதங்களைக் கவனிக்க வேண்டும். இன்றைய பிரசுரத்தின்படி ஆண்டின் முதல் நான்கு மாதங்களில் திருகோணமலைக்குச் சீசனே இல்லை.

1983 பெப்ரவரியில், அப்போது புதிதாக அமைக்கப்பட்டிருந்த தேசிய நீர்வளங்கள் முகவரகம் கொழும்பில் ஒரு சர்வதேச மாநாட்டைக் கூட்டியது. இந்து சமுத்திரத்தின் கடல் பாலூட்டிகள் பற்றிய மாநாடு அது. வந்த விஞ்ஞானிகள் திருகோணமலையைப் பற்றி வியந்து பேசினார்கள். திமிங்கிலம் பார்க்க உலகம் இங்கே வரும் என்ற நம்பிக்கை பிறந்தது. ஐந்து மாதங்களில் ஜூலை வந்தது. வெள்ளவத்தையில் காலி வீதியின் இருமருங்கிலும் தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிந்தன, கொட்டாஞ்சேனையிலும் எரிந்தன. உயிர் தப்பியவர்கள் கொழும்புத் துறைமுகத்திலிருந்து சரக்குக் கப்பல்களில் காங்கேசன்துறைக்கு அனுப்பப்பட்டார்கள்.

அதன்பின் 26 ஆண்டுகள் கிழக்குக் கடல் பார்வையாளருக்கு உரியதாக இருக்கவில்லை. மீனவருக்கே பாஸ் வேண்டும், இரவில் தொழில் செய்யத் தடை, இயந்திர வலுவுக்குக் கட்டுப்பாடு. திருகோணமலை முன்பே கடற்படைத் தளம். கடற்புலிகளின் படகுகளுக்கும் கடற்படைப் படகுகளுக்கும் இடையில் அந்தப் பள்ளத்தாக்கு போர்க்களமாயிற்று. சண்டைக்குக் கீழே திமிங்கிலங்கள் வழக்கம்போல மேய்ந்துகொண்டிருந்தன. கோணேஸ்வரத்துக்குப் போக முடிந்த நாட்களில் பாறை விளிம்பில் நின்று தூரத்தில் நீர்ப்புகை எழும்புவதைக் கண்ட பக்தர்கள் உண்டு. ஆய்வாளரும் பயணியும் வரவில்லை என்பதால் அது எந்தக் கணக்கிலும் சேரவில்லை.

ஆகவே திமிங்கிலத் தொழில் தெற்கே முளைத்தது. 2004 டிசம்பர் சுனாமி தெற்குக் கரையின் மீன்பிடியை அடித்துச் சென்ற பிறகு, மிரிஸ்ஸ இளைஞர்கள் சிலர் நிவாரண முயற்சியாகத் தொடங்கிய நீர் விளையாட்டு நிறுவனத்தின் படகில் வெளியே போனபோது பெரிய திமிங்கிலங்களைக் காணத் தொடங்கினார்கள். மாலைதீவில் நெடுங்காலம் பணியாற்றிய கடல் உயிரியலாளர் சார்ள்ஸ் அன்டர்சனுக்கு ஏற்கெனவே ஒரு கணிப்பு இருந்தது: அரபிக் கடலிலிருந்து வங்காள விரிகுடாப் பக்கம் போய்த் திரும்பும் திமிங்கிலங்கள் டிசம்பரிலும் ஏப்ரலிலும் இலங்கையின் தென்முனையைக் கடந்தாக வேண்டும். இவ்விரண்டையும் இணைத்து 2008இல் உலகப் பத்திரிகைகளுக்கு எடுத்துச் சொன்னவர், இலங்கை இயற்கை எழுத்தாளரும் சுற்றுலாத்துறையில் பணியாற்றியவருமான கெஹான் டி சில்வா விஜேயரத்ன. நீலத் திமிங்கிலம் பார்க்க உலகிலேயே சிறந்த இடம் இலங்கைதான் என்று அவர் அடித்துச் சொன்னார். அடுத்த ஆண்டு போர் முடிந்தது. 2011இல் கொழும்பையும் காலியையும் இணைத்த அதிவேக நெடுஞ்சாலை 2014இல் மாத்தறை வரை நீண்டது. விடியற்காலையில் கொழும்பிலிருந்து புறப்பட்டுப் படகைப் பிடிக்கலாம் என்றாயிற்று. குளிருக்குத் தப்பி டிசம்பரிலும் ஜனவரியிலும் வரும் ஐரோப்பியருக்குத் தெற்குக் கடல் அமைதியாக இருக்கும் காலமும் பொருந்தி வந்தது.

சீசன் பிறந்த கதை இதுதான்.

அதே ஆண்டுகளில் இன்னொரு கேள்வியை ஒரு கொழும்புப் பெண் எழுப்பிக்கொண்டிருந்தார். அஷா டி வொஸ் 2003இல் ஒரு வெளிநாட்டு ஆய்வுக் கப்பலில் உதவியாளராகப் போனபோது, தெற்குக் கடலில் நீலத் திமிங்கிலக் கூட்டமொன்றையும், நீரில் மிதந்த சிவப்பு நிற மலத்தையும் கண்டார். குளிர்க்கடலில் தின்று, வெப்பக்கடலுக்கு வந்து பட்டினி கிடப்பவை என்று பாடநூல்கள் சொன்ன பிராணி இங்கேயே சாப்பிடுகிறது! 2008இல் அவர் தொடங்கிய இலங்கை நீலத் திமிங்கிலத் திட்டம் அந்த மலத்தைச் சேகரித்து ஆராய்ந்தது. மற்றக் கடல்களில் நீலத் திமிங்கிலம் கிரில் தின்னும்; இங்கே முக்கியமாகத் தின்பது செர்ஜெஸ்டிட் குடும்பத்துச் சிறு இறால். கூனி இறாலும் அந்தக் குடும்பம்தான். வெள்ளவத்தைச் சந்தையில் கிராம் கணக்கில் வாங்கிச் சம்பலுக்கு வறுக்கும் அந்தப் பொடி இறாலின் உறவுகளைத் தின்று 20 மீற்றருக்கும் மேலான உடம்பை வளர்க்கிறது உலகின் மிகப் பெரிய உயிரினம்.

திமிங்கிலங்கள் சோழகக் காலத்தில் அரபிக் கடலுக்குப் போய்விடுகின்றன என்பது அன்டர்சன் பக்கத்து வாதம். எல்லாம் போவதில்லை, வருடம் முழுக்க இத்தீவைச் சுற்றியே கணிசமானவை இருக்கின்றன என்பது டி வொஸ் போன்றோரின் பார்வை. இரண்டும் ஒன்றையொன்று முற்றாக மறுப்பவை அல்ல. ஏதோ ஒரு பங்கு நகர்கிறது, ஏதோ ஒரு பங்கு தங்குகிறது. பயணிக்கு இதில் தேவையான செய்தி: துருவத்துக்குப் போய்விட்டுத் திரும்பும் கூட்டம் அல்ல இது. மிரிஸ்ஸவில் படகுகள் கரையேறிக் கிடக்கும் ஓகஸ்டிலும் இலங்கைக் கடலில் நீலத் திமிங்கிலம் உண்டு.

சீசன் என்ற சொல்லுக்கு அகப்படாத இன்னொரு தொழில் கடலில் நடக்கிறது: கப்பல் போக்குவரத்து. அது வருடத்தில் ஒரு நாளும் ஓய்வதில்லை. மலாக்கா நீரிணைக்கும் சூயெஸ் கால்வாய்க்கும் இடையில் ஓடும் கப்பல்கள் தெய்வேந்திர முனையை உரசியே போகின்றன. அங்குள்ள வெளிச்சவீட்டின் உச்சியில் நின்றால் அவை வரிசையாகப் போவது தெரியும். ஒருகாலத்தில் தொண்டீஸ்வரம் நின்று மாலுமிகளுக்கு அடையாளம் காட்டிய முனை அது. கிழக்கே கோணேஸ்வரம், தெற்கே தொண்டீஸ்வரம் என ஈழத்தின் பழைய ஈஸ்வரங்களில் இரண்டு, திமிங்கிலம் கரைக்கு மிக அருகே வரும் இரண்டு முனைகளில் நின்றது எண்ணிப் பார்க்கத் தக்கது. கப்பலுக்கு ஆழநீர் வேண்டும், திமிங்கிலத்துக்கும் அதுவே வேண்டும்.

2012 மார்ச்சில், கொட்டாஞ்சேனைக்குக் கீழே விரியும் கொழும்புத் துறைமுகத்துக்குள் ஒரு கொள்கலன் கப்பல் நுழைந்தது. அதன் முன்மூக்கின் குறுக்கே ஒரு நீலத் திமிங்கிலம் செத்துத் தொங்கியது. எங்கே மோதியது, எவ்வளவு தூரம் இழுபட்டு வந்தது என்று கப்பலில் இருந்தவர்களுக்கே தெரிந்திருக்கவில்லை. அந்தப் படம் உலகம் முழுக்கப் போயிற்று. பாதையை 15 கடல் மைல் தெற்கே தள்ளினால் மோதும் அபாயம் ஏறக்குறைய 95 சதவீதம் குறையும் என்று 2016இல் ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். அதிகாரபூர்வமாகப் பாதையை மாற்றச் சர்வதேச கடல்சார் அமைப்பிடம் கரையோர நாடே கேட்க வேண்டும். அரசு முடிவெடுக்கக் காத்திராமல், உலகின் மிகப் பெரிய கொள்கலன் நிறுவனமான எம்.எஸ்.சி. 2022இல் தன் கப்பல்களைத் தானாகவே தெற்கே விலக்கியது. மற்றவர்கள் பின்தொடர வேண்டும். இலங்கை அரசும் தன் கோரிக்கையை முன்வைக்க வேண்டும். திமிங்கிலத்தைக் காட்டிக் காசு சம்பாதிக்கும் நாட்டுக்கு இந்தக் கடமை மற்ற எவரையும்விட அதிகம்.

சீசனின் உச்சத்தில் படகுகளே திமிங்கிலத்துக்குத் தொல்லையாகிவிடுவதும் உண்டு. ஜனவரி, பெப்ரவரி காலைகளில் ஒரே நீர்ப்புகையை நோக்கி நாற்புறமும் இயந்திரங்கள் உறுமிக்கொண்டு பாயும். மூச்சு விட மேலே வந்த பிராணி, போதுமான மூச்சை எடுக்காமலே வாலைத் தூக்கி முக்குளித்துவிடும். வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ் 2012இல் வகுக்கப்பட்ட ஒழுங்குவிதிகள் திமிங்கிலத்துக்கும் படகுக்கும் இடையில் 100 மீற்றர் இருக்க வேண்டும் என்கின்றன. கூட்ட நாளில் அதைக் கடைப்பிடிப்பது படகோட்டியின் மனச்சாட்சியில் தங்கியிருக்கிறது. சீசனுக்கு வெளியே போகிறவருக்குக் கிடைக்கும் முதல் நன்மை இதுதான்: கடலில் இரண்டு மூன்று படகுகளே இருக்கும், திமிங்கிலமும் அவசரப்படாது.

அப்படியானால் எப்போது, எங்கே?

ஜூலை, ஓகஸ்டில் வெளிநாட்டிலிருந்து வரும் குடும்பம் மிரிஸ்ஸவை மறந்துவிட வேண்டும். சோழகக் காலத்திலும் அலை தணிந்த நாள் பார்த்துச் சில பெரிய படகுகள் அங்கே வெளியே போவதுண்டு. ஆனால் இரண்டு மூன்று மீற்றர் அலையில் நாலைந்து மணி நேரம் குலுங்கினால், சின்னப் பிள்ளைகளுக்குக் கடல் என்றாலே வாந்தி என்று ஆகிவிடும். கோட்டையிலிருந்து புறப்படும் இரவு ரயிலையோ வெள்ளவத்தையிலிருந்து கிழக்குக்குப் போகும் இரவு பஸ்ஸையோ பிடித்துத் திருகோணமலை போவதே சரி. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் கண்ணாடியிழை வள்ளங்கள் விடியக் காலை 6 மணியளவில் புறப்படும். முற்பகல் ஏற ஏறக் கச்சான் பலத்துவிடும், அதற்குள் திரும்பிவிட வேண்டும். திமிங்கிலம் கிடைக்காத நாளும் உண்டு. அப்படியான நாட்களில் சுழன்று துள்ளும் டொல்பின் கூட்டம் பெரும்பாலும் கைவிடாது. வள்ளத்தில் ஏற விரும்பாத பெரியவர்கள் கோணேஸ்வரப் பாறை விளிம்பில் தொலைநோக்கியோடு உட்காரலாம். கரையில் நின்றே நீலத் திமிங்கிலம் காணக்கூடிய இடங்கள் உலகில் அதிகமில்லை.

தெற்கேதான் போக வேண்டும் என்பவருக்கு ஏப்ரலின் பின்பாதி நல்ல தேர்வு. சித்திரைப் புத்தாண்டு முடிந்ததும் கூட்டம் கலைந்துவிடும்; அறை வாடகை இறங்கும்; சோழகம் எழும்ப இன்னும் நாலைந்து வாரம் இருக்கும். அன்டர்சனின் கணிப்புப்படி மேற்கு நோக்கித் திரும்பும் திமிங்கிலங்கள் தென்முனையைக் கடக்கும் காலமும் அதுவே. பயணிகளின் உச்சமும் திமிங்கிலத்தின் உச்சமும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. கற்பிட்டியில் ஸ்பேர்ம் திமிங்கிலக் கூட்டங்கள் வருவதும் மார்ச், ஏப்ரலில்தான். அங்கே படகோட்டிகளோடு தமிழிலேயே பேசலாம் என்பது வெள்ளவத்தைக்காரருக்குக் கூடுதல் வசதி. ஒக்டோபரில் இரு காற்றுகளுக்கும் இடைப்பட்ட அமைதி நிலவும். பின்னேரம் இடி மழை கொட்டினாலும் காலைக் கடல் பெரும்பாலும் அடங்கியே இருக்கும். அந்த மாதத்தில் முதல் நாள் இரவே வானிலை அறிவிப்பைப் பார்த்துவிட்டுத்தான் கரையைத் தீர்மானிக்க வேண்டும்.

எந்தக் கரையானாலும் பணம் கட்டுமுன் சில கேள்விகளைக் கேட்டுவிட வேண்டும். படகுக்குப் பதிவும் அனுமதியும் இருக்கிறதா? எல்லோருக்கும், பிள்ளைகளின் அளவுக்கும், உயிர்காப்பு அங்கி இருக்கிறதா? காற்று கிளம்பினால் திருப்புவீர்களா, பணம் என்ன ஆகும்? கடைசிக் கேள்விக்குத் தடுமாறுகிற ஆளை நம்பிச் சோழகக் காலத்தில் கடலேறக் கூடாது. திமிங்கிலத்தோடு நீந்த விடுவோம் என்று ஆசை காட்டுகிறவரையும் அப்படியே தவிர்க்க வேண்டும்.

கடலுக்குப் போகவே வாய்க்காத மாதத்திலும் கொழும்பு வெறுங்கையாக அனுப்புவதில்லை. நூதனசாலை வளாகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகலாம்; இரத்மலானைக் கதையை அங்கே வைத்துச் சொல்லலாம். பாணந்துறைக் கதையையும் சொல்லலாம். 2020 நவம்பர் 2ஆம் திகதி பிற்பகல், கொவிட் ஊரடங்கு நடந்துகொண்டிருந்த நேரம், நூற்றுக்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் பாணந்துறைக் கரையில் ஏறிவிட்டன. கடற்படையினரும் கரையோரக் காவற்படையினரும் ஊர் இளைஞர்களும் இரவு முழுக்க இடுப்பளவு நீரில் நின்று ஒவ்வொன்றாகத் தள்ளி, விடியுமுன் பெரும்பாலானவற்றைக் கடலுக்கு அனுப்பினார்கள். சில இறந்தன. இலங்கைக் கரையில் அவ்வளவு பெரிய கூட்டம் அதற்குமுன் ஒதுங்கியதாகப் பதிவில்லை.

விடுமுறையை விருப்பப்படி வைத்துக்கொள்ளக் கூடியவர்களுக்கு இன்னொரு தெரிவும் உண்டு: மார்ச் மாதத் திருகோணமலை. பிரசுரங்கள் அதைச் சொல்வதில்லை, அப்போது எல்லோரும் மிரிஸ்ஸவில் இருக்கிறார்கள். ஆலிங் நீலத் திமிங்கிலங்களைத் தேடிப்போனது ஆண்டின் இந்தப் பகுதியில்தான். பெப்ரவரி கடைசியில் வாடை தளர்ந்துவிடும். கச்சான் எழும்ப நாள் இருக்கும். அந்த வாரங்களில் ஆழக்கடலுக்குப் போகும் சுற்றுலா வள்ளங்கள் குறைவு என்பதால், நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வள்ளத்தை முழுதாகப் பேசிக்கொள்வதே வழி. நிலாவெளிக்கு முதல் நாள் மத்தியானமே போய்ச் சேர்ந்து, மீன் இறக்கி முடித்த வள்ளக்காரரிடம் அன்றைக்குக் கடல் எப்படி இருந்தது, பள்ளத்துப் பக்கம் எதையாவது கண்டாரா என்று கேட்டுவிட்டு, விடியலுக்கு நேரம் குறித்துக்கொள்ளலாம்.